மிதிக்கச் சொன்ன முள்

எங்கள் பண்ணையத்தில் வேலை செய்த ஒருவரின் வலது காலைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். காரணம் ஒரு பூசணம் என்றார் டாக்டர். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை நான் அன்று சொல்லவில்லை. இப்போது எழுதக் கை கூசுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மதுக்கரைப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரிக் காடு. அப்பா படுக்கையில் விழுந்துவிட்டதால் இருபத்துநான்கு வயதிலேயே நான் பண்ணையத்தை நடத்தும் பண்ணாடி ஆகிவிட்டேன். இன்டர்மீடியட் வரை படித்த திமிர் வேறு. காட்டுக்குக்கூட பம்ப் ஷூ போட்டுக்கொண்டுதான் போவேன். காலை இழந்த அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அன்று அவரை நான் வாடா, போடா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுவதால் நான் உத்தமனாகிவிடப் போவதில்லை.

சித்திரையில் வேலி அடைப்போம். வெள்வேல மரத்துக் கிளைகளை வெட்டி, கவைக்கோலால் இழுத்து வைத்து, மேலே ஏறி மிதித்து அமுக்க வேண்டும். விரல் நீளத்துக்கு முள். அவருடைய மச்சான் தைத்துக் கொடுத்த தடித்த தோல் செருப்பு ஒரு ஜோடி அவரிடம் இருந்தது. ஆனால் அவருடைய சாதிக்காரர்கள் எங்கள் முன்னால் செருப்புப் போடக் கூடாது என்பது ஊர்க் கட்டு. பண்ணாடி தலை தெரிந்ததுமே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முள் வேலைக்கு மட்டும் அப்பா கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அது எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் வேலி அடைத்த அன்று என்னோடு பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். முறைக்கு எனக்கு மாமா. முள்ளின் மேல் செருப்போடு நின்றவரைப் பார்த்துவிட்டு, “உங்க காட்டுல இதெல்லாம் உண்டுங்களா மாப்ளே?” என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

“ஏண்டா, நாங்க வாரது கண்ணு தெரியலையா? கழட்டி வெச்சுப்போட்டு மிதி” என்றேன்.

“முள்ளுங்க சாமி.”

“உங்கப்பன் மிதிக்கலையா?”

அவர் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு ஏறினார். மாமாவும் நானும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் அவர் ஒற்றைக் காலில் நிற்பது தெரிந்தது. தைத்த முள்ளைப் பிடுங்கி எறிந்து, எருக்கம்பால் வைத்துக்கொண்டு, மறுபடியும் மிதிக்கப் போனார். எங்கள் காட்டில் முள் தைக்காத கால் யாருக்கு இருக்கிறது என்று நினைத்தேன். என் காலை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அடுத்த வருஷம் அவருடைய உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலியே இல்லை. அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. வலித்திருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். “வலிக்கலைங்கற, அப்பறம் எதுக்குடா நொண்டற?” என்று மற்ற ஆட்களுக்கு முன்னால் கேட்டேன். வேலைக் கள்ளன் என்று பட்டமும் கட்டினேன். அவர் நொண்டிக்கொண்டே ஏர் ஓட்டினார். அதற்கும் அடுத்த வருஷம் பாதம் வீங்கி, அங்கங்கே கண் திறந்து, சீழோடு கடுகை நுணுக்கியது போலக் கறுப்புப் பொடி வந்தது. மண் ஒட்டியிருக்கிறது, கழுவு என்றோம். கழுவினார். மறுநாளும் வந்தது.

ஒருநாள் அவர் மனைவி வாசலில் நின்று, “கால் போச்சுன்னா எங்க பொழப்பே போச்சுங்க சாமி” என்று அழுத பிறகுதான் வண்டி பூட்டச் சொன்னேன். போத்தனூர் வழியாகக் கோயமுத்தூர் வரைக்கும் அவர் வண்டியின் பின்னால் காலைத் தொங்கவிட்டபடியே வந்தார். உள்ளே தள்ளி உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் அந்தக் கறுப்புப் பொடியில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் நூல் நூலாகப் பின்னிக் கிடந்தது. ஊறுகாயில் பூக்கிறதே, அது மாதிரி ஒரு பூசணம் என்றார். செத்ததில்தான் பூசணம் பூக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இது மண்ணிலும் காய்ந்த முள்ளிலும் இருக்குமாம். முள் அதைத் தோலுக்கு அடியில் கொண்டுபோய் விட்டதும், இழை விட்டு உயிருள்ள சதைக்குள் மெல்லப் படருமாம். உடம்பு சும்மா விடுவதில்லை, எதிர்த்துப் பார்க்கும். பூசணமோ இழைகளை இறுக்கிக் கறுப்பு மணியாகத் திரண்டு, உடம்பால் உடைக்க முடியாதபடி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சதைக்குப் பிறகு எலும்பு. அதற்கு அவசரமே கிடையாது.

“இதுக்கு மருந்து இல்லை. எலும்பு வரைக்கும் போயிடுச்சு. காலை எடுத்துத்தான் ஆகணும்” என்றவர், கை கழுவிக்கொண்டே கேட்டார்: “முள்ளுல வேலை செய்யறவருக்குச் செருப்பு இல்லையா?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இவங்களுக்குச் செருப்புப் போட்டுப் பழக்கமில்லைங்க டாக்டர்” என்றேன்.

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். “ஆமாங்க. பழக்கமில்லீங்க” என்றது கட்டிலில் இருந்த குரல்.

பண்ணை ஆளுக்காகச் சொந்த வண்டியில் இவ்வளவு தூரம் வருகிற முதலாளியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

காலை எடுத்து நாலாம் நாள் பார்க்கப் போனேன். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாகிக் கிடந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அவரிடம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“நான்தான் கழட்டச் சொன்னேன். டாக்டருகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். இப்பவே போய் அவருகிட்ட உண்மையைச் சொல்லிப்போடறேன்.”

அவர் பதறிப்போய்க் கையை ஊன்றி எழப் பார்த்தார். இரண்டு கட்டில் தள்ளித்தான் டாக்டர் நின்றிருந்தார்.

“மெல்லப் பேசுங்க சாமி. டாக்டரய்யா காதுல உழுந்துரப் போவுது. உங்களைப் பத்தி என்னங்க நெனைப்பாரு?”

நான் டாக்டர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கஞ்சி நேரத்துக்குத் தருகிறார்களா என்று அவரைக் கேட்டேன்.