கப்பல் கம்பெனி சரித்திரத்தில் என் வலது கை

சீமையில் கப்பல் கட்டும் கம்பெனி ஒன்று தன் சரித்திரத்தைப் புத்தகமாகப் போட்டது. பளபளவென்ற காகிதம், பக்கத்துக்குப் பக்கம் கப்பல். எந்தக் கப்பலை எந்தச் சீமாட்டி தண்ணீரில் இறக்கி வைத்தாள், எது எந்தக் கடலில் மூழ்கியது, எல்லாம் இருக்கிறது. முதலாளிகளின் மீசைக்கே நாலு பக்கம். இலங்கையில் கித்துல்கல பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியில் ஓடியதும் அந்தக் கம்பெனி செய்த எஞ்சின்தான். அதை ஓட்டியவன் நான், எனக்கு முன்னால் என் அப்பா.

புத்தகத்துக்காக ஒரு வெள்ளைக்காரர் கொழும்பிலிருந்து வந்தார். இத்தனை பழைய எஞ்சின் இன்னும் ஓடுகிறதாம், படம் பிடிக்க வேண்டுமாம். தோட்டத்தை நிர்வகித்த துரை ஃபேக்டரிக்கு வெள்ளையடித்தார். பக்கத்திலேயே ஒழுகிக்கொண்டிருந்த எங்கள் லயத்து வீடுகளுக்கு ஒரு தகரம் கொடுக்க அந்த மகராசனுக்கு மனசு வரவில்லை.

வந்தவர் நேராக எஞ்சின் நெற்றியிலிருந்த பித்தளைத் தகட்டிடம் போனார். தகடு வழவழவென்று இருந்தது. ஒரு எழுத்தும் இல்லை. வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு அப்பா அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துச் சந்தனப் பொட்டு வைப்பார். அவருக்குப் பிறகு நானும் பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். கம்பெனி பெயரும் நம்பரும் எங்கள் பக்தியில் கரைந்துபோயிருந்தன. வெள்ளைக்காரர் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

“மடையா, நம்பர் இல்லாம இது அவங்க எஞ்சின்னு எப்படி நிரூபிக்கிறது?” என்று துரை என்மேல் பாய்ந்தார்.

அடிச்சட்டத்திலும் ஒரு நம்பர் வெட்டியிருப்பதாக அப்பா சொன்ன ஞாபகம். படுத்துக்கொண்டு கிரீஸைச் சுரண்டினேன். இருந்தது. வெள்ளைக்காரர் முகத்தில் களை வந்துவிட்டது. எஞ்சின் பிறந்த வருஷம், ஏறி வந்த கப்பல் எல்லாவற்றையும் தன் தாள்களிலிருந்து கடகடவென்று வாசித்தார். இரும்புக்கு ஜாதகம்!

எனக்குத்தான் அது இல்லை. இந்தியாவும் இலங்கையும் தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, இங்கேயே இருக்கப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். விசாரணைக்குக் கேகாலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிறப்புச் சான்று கிடையாது. அப்பா பெயர் இருந்த பழைய செக்ரோலை, அந்த ஆள் கணக்குப் புத்தகத்தை, கறையான் தின்றுவிட்டதாகத் தோட்டத்து ஆபீஸில் கைவிரித்தார்கள்.

“ஐயா, இந்த எஞ்சின எறக்கி மாட்டுனப்போ எங்கப்பா கூட இருந்தாருங்க. ஒங்க தாள்ல பேரு இருக்கும். நாங்க இந்தத் தோட்டத்து ஆளுங்கன்னு ஒரு கடுதாசி குடுங்க,” என்று கேட்டேன்.

துரை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் என் கையைக் குலுக்கினார், கட்டாயம் அனுப்புவதாகச் சொன்னார், எஞ்சின் பக்கத்தில் நிற்கவைத்துப் படமும் எடுத்தார். நான் நம்பினேன். பெரிய மனுஷன் கைகுலுக்கினால் போதும், எங்கள் ஆட்களுக்குப் புத்தி மழுங்கிவிடும்.

கடுதாசி வரவில்லை. துரைக்குப் புத்தகம் வந்தது. கெஞ்சி இரவல் வாங்கிப் பார்த்தேன். எஞ்சின் முழுசாக இருந்தது. என்னை ஓரத்தோடு வெட்டிவிட்டார்கள். எண்ணெய்க் குவளை பிடித்த வலது கை மட்டும் மிச்சம். கீழே எஞ்சினின் நம்பரும் வருஷமும் இருந்தன. அப்பா பெயர் எங்கேயும் இல்லை.

வேறு வழியில்லாமல் அதையே விசாரணைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதிகாரி படத்தைப் பார்த்தார்.

“மேக்கே தமுசே கோ?” இதில் நீ எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

கையைக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, என் கையைப் படத்துக்கு அருகே வைக்கச் சொல்லி, இருவரும் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் வைத்துக்கொண்டு நின்றேன். மனு தள்ளுபடியானது.

கண்ணால் பார்த்தேயிராத இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. புறப்படுகிற காலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது துரை ஆளனுப்பினார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையாம்.

“போகாதீங்க,” என்றாள் மனைவி. “அந்தப் பொஸ்தகத்த எழுதுனவன் வந்து ஓட்டட்டும்.”

போனேன். அது ஓடத் தொடங்கிய பிறகு துரைக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் வந்தேன், வெட்கங்கெட்டவன்.