மரக்கன்றுகளுக்காக ஒரு பிராது

ஆண்டாளும் அவள் புருஷன் பழமலையும் குடியிருப்பில் வீடு எடுத்தபோது, அந்த மூலை வீடு வேண்டாம் என்று நாலு பேர் சொன்னார்கள். தண்ணீர்க் குழாய் தூரம், ரேஷன் கடை அதைவிடத் தூரம். ஆண்டாள் கேட்கவில்லை. மனைப் படத்தில் அந்த வீட்டுக்கு எதிரே பச்சை மையில் ஒரு கட்டம் போட்டு 'பூங்கா' என்று எழுதியிருந்தது. அவள் வேலை செய்வது பீங்கான் கம்பெனியில். அச்சிலிருந்து எடுத்த கப்புகளின் விளிம்புப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கி வைக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெள்ளை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் நாலு மரமாவது தெரியட்டுமே என்று நினைத்தாள்.

ஏழு வருஷமாக அவள் கதவைத் திறந்தால் தெரிந்தது ஒரு பள்ளம். மழைக்காலத்தில் தவளை, வெயில் காலத்தில் சீமைக்கருவை, எல்லாக் காலத்திலும் பிளாஸ்டிக் பை. ஆனாலும் உறவுக்காரர்களுக்கு வழி சொல்லும்போது, "பார்க்குக்கு எதிர்த்த வூடுதான்" என்றே சொல்லுவாள். வந்தவர்கள் பார்க்கைத் தேடித் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஆடி மாசத்தில் குடியிருப்போர் சங்கத்துக்கு நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சங்கத் தலைவர் கலியமூர்த்தி போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் என்றால் அவருக்குத் தனி மரியாதை. கூட்டம் போட்டு இரண்டு தடவை வாசித்தார். அந்த இடத்தை அடுத்த ஆடிக்குள் குடியிருப்போர் பூங்காவாக்கிப் பராமரித்தால் அவர்கள் பொறுப்பிலேயே விடப்படும். இல்லாவிட்டால் அங்கே சாமான் கிடங்கு கட்டப்படும். கிடங்கு என்றால் ஆண்டாள் வாசலுக்கு நேரே இருபதடிச் சுவரும், ராப்பகலாக வந்து திரும்பும் லாரிகளும்.

"மொதல்ல பள்ளத்த மூடணும். மண்ணுக்கு எங்க போறது?" என்றார் கலியமூர்த்தி.

ஆண்டாள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "எங்க கம்பெனிக்குப் பின்னால வெள்ள மண்ணு மலையாட்டம் குவிஞ்சி கெடக்குதுங்க. எடுத்துட்டுப் போனா போதும்னு மொதலாளி கும்புடுவாரு."

கும்பிட்டார். கம்பெனித் தொட்டிகளிலிருந்து வழித்தெடுத்துக் கொட்டிய கழிவு மண் டிராக்டர் டிராக்டராக வந்து பள்ளம் நிரம்பியது. சிமெண்டுத் தரை போல இடம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆண்டாளுக்குக் கூட்டத்தில் கைதட்டினார்கள். புரட்டாசியில் மழை தொடங்கியதும் வேம்பு, புங்கன், மந்தாரை என்று முப்பது கன்று நட்டார்கள். அதற்குள் அவள் மனசில் மரமெல்லாம் வளர்ந்து, நிழல் விழுந்து, சிமெண்டு பெஞ்சில் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கார்த்திகை பாதியில் கன்றுகள் மஞ்சளடித்தன. மார்கழி பிறக்கும்போது முப்பதில் இருபத்தாறு குச்சியாக நின்றன.

ஆடு கடிக்கவில்லை. யாரும் பிடுங்கவில்லை. தண்ணீருக்கும் குறைவில்லை, ஒவ்வொரு மழைக்கும் பாத்தியில் தண்ணீர் நின்றது. அப்படியென்றால் யாரோ எதையோ ஊற்றுகிறார்கள். அந்த யாரோ பக்கத்து வீட்டு மதிவதனிதான் என்று ஆண்டாளுக்குத் தோன்றிவிட்டது. மதிவதனியின் புருஷன் துபாயில் இருந்தான். போன வருஷம் வந்தபோது வாஷிங் மெஷின் வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதன் கழிவுக் குழாய் பூங்கா ஓரத்தில்தான் வந்து விழுந்தது.

"ஏன் மதி, அந்தச் சோப்புத் தண்ணிய வேற பக்கம் திருப்பக் கூடாதா?"

"யக்கா, சோப்புத் தண்ணி ஓரத்துல ஓடுது. அந்தக் கடைசியில நிக்கிற புங்கன் எப்பிடிச் செத்துது? என் தண்ணி எகிறிக் குதிச்சிப் போச்சா?"

"நான் ஒன்னும் ஒன்னச் சொல்லல."

"சொல்லலதான். மூஞ்சிதான் சொல்லுது."

அதோடு பேச்சு நின்றது. சுவருக்கு மேலே வரும் குழம்புக் கிண்ணமும் நின்றது. பழமலைக்குத்தான் நஷ்டம், மதிவதனி வைக்கும் கருவாட்டுக் குழம்புக்கு அவர் ரகசிய ரசிகர்.

பஸ் டெப்போவில் டயர் மாட்டுகிற பழமலை எதையும் நிதானமாகப் பார்ப்பவர். "காத்து எங்க எறங்குதுன்னு பாக்காம டயர மாத்தக் கூடாது" என்றார். ஆண்டாள் கேட்கிற நிலையில் இல்லை. ஒரு திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பஸ் ஏறினாள்.

அந்தப் பக்கத்து மனிதர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் ஞாபகம் வருவது கொளஞ்சியப்பர்தான். ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்தாலும், கட்டினவன் கண்டுகொள்ளாமல் போனாலும், வெள்ளைத் தாளில் எழுதி சாமி காலடியில் வைத்து வாங்கி, வேலில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பிராது. தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு மறக்காமல் வந்து ராஜினாமா எழுதி வாபஸ் வாங்க வேண்டும்.

ஆண்டாள் எட்டாவது வரை படித்தவள். தன் கையாலேயே எழுதினாள். 'எங்கள் பூங்காவில் நட்ட மரக்கன்றுகளைப் பட்டுப்போகச் செய்தவர் யாராக இருந்தாலும், அவரை எனக்குத் தெரியப்படுத்தி, அவருக்குத் தக்க தண்டனை கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' மதிவதனி பேரை எழுதவில்லை. சாமிக்குத் தெரியாதா என்ன.

எழுதிக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார், "எதிராளி வூடு எத்தினி கிலோமீட்டரும்மா?" கோயிலிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்துப் படிப்பணம் கட்ட வேண்டும். ஆண்டாள் தன் வாசலிலிருந்து கணக்குப் போட்டாள்.

"பக்கந்தாங்க. ரொம்பக் கிட்ட."

"கிட்டன்னா?"

"கூப்புடு தூரம்."

அவர் ஒரு கிலோமீட்டர் என்று போட்டுக்கொண்டார். தாளைச் சுருட்டி நூலால் வேலில் கட்டிவிட்டு ஆண்டாள் நிம்மதியாக வீடு திரும்பினாள். அன்றையிலிருந்து மதிவதனி வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் எட்டிப் பார்த்தாள்.

தீர்ப்பு நாற்பதாவது நாள் வந்தது. மதிவதனி வீட்டுக்கு வரவில்லை.

கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டை ஆண்டாளும் அவளோடு வேலை செய்யும் வீராயியும் பின்பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். பதினைந்து வருஷப் பழக்கம். எதிரே அந்த வெள்ளை மண்மேடு. பாதி பூங்காவுக்குப் போனது போக மீதி. தை மாசம், நல்ல பனி பெய்த காலம். கம்பெனி மதிலில், ஜன்னல் விளிம்பில், உடைந்த தொட்டியின் இடுக்கில்கூட அறுகும் குப்பைமேனியும் தலைகாட்டி நின்றன. வீராயி கையைக் கழுவிக்கொண்டே சும்மா சொன்னாள்.

"ஆண்டாளு, மதிலு மேலகூட பச்ச தெரியுது பாரு. இந்த மேட்டுல மட்டும் எனக்குத் தெரிஞ்சி ஒரு புல்லு மொளச்சதில்ல."

ஆண்டாளின் வாயில் சோறு அப்படியே நின்றது.

கல்லில்லாமல், மணலில்லாமல், ஒரு வேர்த் துணுக்கில்லாமல், சலித்து, கரைத்து, மறுபடி சலித்து எடுத்த மண் அது. கப்புக்குள் ஒரு தூசி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று அந்த மண்ணிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ஈரமானால் பிசினாக ஒட்டும். காய்ந்தால் ஓடாக இறுகும். ஊற்றின தண்ணீரைச் சொட்டு கீழே விடாது. அதற்குத்தானே அது கப்பாகிறது! தினம் கையில் பிடிக்கிற மண். கன்றுகளை அவள் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் நட்டு, தண்ணீரில் முக்கிக் கொன்றிருக்கிறாள்.

அன்றைக்குச் சீவின கப்புகளில் எட்டு உடைந்தன.

சாயங்காலம் பழமலையிடம் சொன்னாள். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

"பிராதுல என்னான்னு எழுதின? கை கால் வெளங்காமப் போவட்டும்னு எதுனா...?"

"அய்யோ, இல்லீங்க. தக்க தண்டனன்னுதான் எழுதினேன்."

"தக்கதுன்னா சரி. சாமி பாத்துச் செய்யும்."

"வெளையாடாதீங்க."

சாமியைவிட அவளுக்குக் கூட்டத்தை நினைத்துத்தான் பயம். கைதட்டினவர்கள் முன்னால் நின்று எப்படிச் சொல்லுவது? சொல்லாமல் விட்டால் ஆடிக்குள் பூங்கா வராது, கிடங்குதான் வரும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். பிராது கட்டினதையும் சேர்த்துச் சொன்னாள்.

மதிவதனிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப நாப்பது நாளா எனக்கு ஒரு காய்ச்சலும் வரலியேன்னு பாத்துக்கிட்டிருந்தியா யக்கா?"

"மன்னிச்சிக்க மதி."

"மன்னிப்பெல்லாம் கெடக்குது. ஒரு தலவலி வந்திருந்தாக்கூட நீ கோயிலுக்குத் தேங்கா ஒடைக்க ஓடியிருப்ப!"

கூட்டமே சிரித்தது. கலியமூர்த்தி மேசையைத் தட்டி அமைதி கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

வேலை பிறகுதான் தொடங்கியது. வெள்ளை மண்ணை முழுதும் அள்ளி வெளியே கொண்டுபோக வழியில்லை. கடப்பாரை போட்டால் 'ணங்' என்றது. ஒரு குழிக்கு இரண்டு பேர், அரை நாள். பழைய தரை தட்டுப்படும் வரை தோண்டி, தோண்டின வெள்ளை மண்ணை ஓரத்தைச் சுற்றிக் கொட்டி மிதித்தார்கள். அது இறுகி, தேய்த்து வைத்த மாதிரி ஒரு நடைபாதை ஆகிவிட்டது. மரத்துக்கு ஆகாத மண் காலுக்கு ஆகும் போலிருக்கிறது.

குழிக்கு மண் வேண்டும். ஆண்டாள் நல்லூர்ப் பக்கம் இருந்த தம்பி சேரனுக்குப் போன் போட்டாள். மாசியில் அங்கே ஏரி வற்றி, வயலுக்கு வண்டல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு லோடா? கடலக்காட்டுக்குப் போவ வேண்டிய வண்டல எடுத்து, டவுன்ல நீங்க காத்து வாங்குறதுக்குக் கொட்டணுமா?"

"சீருன்னு நெனச்சிக் கொண்டாடா."

"வண்டல சீர் கேட்ட மொத அக்கா நீதான்."

திட்டிக்கொண்டே நாலு லோடு அனுப்பினான். கறுப்பு மண் வந்து இறங்கியபோது ஆண்டாள் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். மக்கின இலை, நத்தைக் கூடு, ஒரு மண்புழு. கம்பெனியில் இதில் ஒன்று கிடைத்தாலும் சூப்பர்வைசர் தொட்டி மண்ணையே கொட்டச் சொல்லிவிடுவார்.

பங்குனியில் மறுபடி முப்பது கன்று. சித்திரை வெயில் முழுக்கத் தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்து, குடத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். மதிவதனி தன் குழாயை வேறு பக்கம் திருப்பினாள். "ஒன் பிராதுக்குப் பயந்து இல்ல. எனக்கே தோணிச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பினாள். கருவாட்டுக் குழம்புக் கிண்ணம் சுவர் ஏறி வந்தது.

நடுவில் ஒரு நாள் ஆண்டாள் மணவாளநல்லூருக்குப் போய் ராஜினாமா எழுதினாள். அதே மனிதர்தான் உட்கார்ந்திருந்தார்.

"எதிராளி யாருன்னு தெரிஞ்சிதாம்மா?"

"தெரிஞ்சிதுங்க."

"சமாதானமாப் போயிட்டீங்களா?"

"போவாம? ஒரே வூட்ல தானே இருக்குறோம்."

குடும்ப விவகாரம் போலிருக்கிறது என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள் காலையில் நகராட்சி அதிகாரி வந்தார். நல்ல காற்று. கன்றுகள் இடுப்புயரம்கூட இல்லை. கழிகளைப் பிடித்துக்கொண்டு ஆடின. இருபத்து நாலு உயிரோடு இருந்தன. கலியமூர்த்தி சால்வையும் எலுமிச்சம்பழமும் கையுமாக நின்றார். ஆண்டாளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கன்று சின்னதாக இருக்கிறது, இது பூங்கா ஆகாது என்று அவர் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போயிற்று.

அதிகாரி கன்றுகளைப் பார்த்ததைவிடப் பாதையை அதிகம் பார்த்தார். முதல் தெருவிலிருந்து மூன்று பெண்கள், சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னவர்கள், பேசிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வந்திருக்கிறார் என்று நிற்கவும் இல்லை.

"இவங்க தினம் வர்றாங்களா?" என்று கேட்டார்.

கலியமூர்த்தி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பெண் நடந்துகொண்டே சொன்னாள். "பத்து சுத்துங்க சார். இது ஏழாவது. நடுவுல நிறுத்தினா கணக்கு வுட்டுப்போவும்."

அதிகாரியும் ஒரு சுற்று நடந்தார். செருப்பில் ஒட்டின வெள்ளைத் தூசியைத் தட்டிவிட்டு, காகிதத்தைப் பழமலையின் முதுகில் வைத்து எழுதினார். "கன்னு வளந்துக்கும். ஜனங்க பொழங்குற எடமா ஆயிட்டுது. இத எடுத்துக் கிடங்கு கட்டுனா எனக்குத்தான் திட்டு. பார்க்குன்னே எழுதிட்டேன்" என்றார்.

அவர் ஜீப் தெருமுனை திரும்பியதும் கலியமூர்த்தி சால்வையைப் பிரித்தார். அதிகாரி வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்ட சால்வை அது. "இத நம்ம ஆண்டாளம்மாவுக்கே போத்தி, நாலு வார்த்த பேசிடலாம்னு..."

"தலைவரே, மணி எட்டே முக்கால். எனக்கு ஒம்போதுக்குக் கம்பெனி" என்றாள் ஆண்டாள். சாப்பாட்டுத் தூக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. பசி இப்போதுதான் தெரிந்தது. நடந்துகொண்டே ஒரு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "காத்து அடிக்கிற அடியில கெழக்கு வரிச வாடிக்கிட்டு நிக்குது. இன்னிக்கி மூணாந்தெரு மொறைங்க."

மூன்றாம் தெருவில் கலியமூர்த்தியின் வீடுதான் முதல் வீடு. அவர் சால்வையை மடித்து, பக்கத்தில் நின்ற மதிவதனி கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தைத் தேடிப் போனார்.