மரியாக்காவின் ‘ம்லீக்கோ’

ஞாயிறு காலை ஈவான் போன் எடுத்தார். “மரியா போயிட்டா” என்று டெனிஷில் சொன்னவர், மேலே கதைக்க முடியாமல் வைத்துவிட்டார். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தையல் தொழிற்சாலையில் நம்மோடு தைத்த குரோவேசிய மரியாக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் கூடப்பிறக்காத அக்கா.

அக்கா தீவுக்காரி. கணவர் ஈவான் தலைநகரத்தார். மொழி ஒன்றுதான். ஆனால் ‘என்ன’ என்பதற்குப் புத்தகத்தில் ‘ஷ்தோ’, அக்காவுக்கு ‘ச்சா’, ஈவானுக்கு ‘காய்’. முதன்முதல் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஈவான் குசினியிலிருந்து “காய்? காய்?” என்று கத்தினார். மரக்கறி கேட்கிறாராக்கும் என்று நான் தக்காளியைக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா சிரித்த சிரிப்பு, அப்பப்பா!

பாலுக்குத்தான் பெரிய சண்டை. அக்காவுக்கு ‘ம்லீக்கோ’, ஈவானுக்கு ‘ம்லேக்கோ’. அக்கா ‘ஈ’ என்னும் இடத்தில் அவர் ‘ஏ’ என்பார். “ஒருநாளாவது என்னைப்போலச் சொல்லுங்களேன்” என்று அக்கா கேட்பார். “மீன்காரர் பேச்சு எனக்கு வராது” என்று ஈவான் கேலி செய்வார். அக்காவும் சிரிப்பார், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பார்.

மட்டக்களப்புக்காரி நான் ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்றால் சாப்பாட்டு மேசையில் யாழ்ப்பாணத்தார் விழுந்து விழுந்து சிரிப்பீர்களே, ஞாபகமா? அக்காதான் எனக்குச் சொன்னார்: “நான் தீவை விட்டு வந்தேன், நாக்கை விட்டுவிட்டு வரவில்லை. நீயும் கொண்டுவந்ததைப் பேசு.”

போன வருடம் பாரிசவாதம் வந்து அக்காவின் டெனிஷ் முழுதும் போயிற்று. மிஞ்சியது தீவுப் பேச்சு மட்டும். நான் இப்போது வேலை செய்யும் பராமரிப்பு இல்லத்தில்தான் இருந்தார். கடைசிக் கிழமை ஈவான் பாலும் கரண்டியுமாக “ம்லேக்கோ, மரியா” என்று கெஞ்சினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் “ம்லீக்கோ” என்றேன். வாய் திறந்தது. ஈவான் கரண்டியை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நேற்று தேவாலயத்தில் ஈவான் சவப்பெட்டியின்மேல் கைவைத்து, “லீப்பா மோயா” என்றார். என் அழகி என்று அர்த்தம். அவர் ஊரில் அது ‘லேப்பா’. பாவி மனுசன், உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா!

பிறகு என் பக்கம் திரும்பினார். “சரியாகச் சொன்னேனா?”

“சரி” என்றேன்.

அக்காவின் ‘ஈ’ சரியா பிழையா என்று அவருக்குச் சொல்ல, இந்த ஊரில் இனி ஒரு மட்டக்களப்புக்காரிதான் இருக்கிறாள். அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.