டீ சைரனும் மூன்றாவது ரவுண்டும்

மூன்று ஷிப்ட் ஆட்களை வைத்துக்கொண்டு பாக்ஸிங் சொல்லிக் கொடுப்பது, ஓடுகிற பஸ்ஸில் கோலம் போடுகிற மாதிரி. பகலில் நான் கம்பெனி பஸ் டிரைவர். சாயங்காலம் ஒரகடத்தில் எத்திராஜ் அண்ணனின் தகர ஷெட்டில் பாக்ஸிங் மாஸ்டர். இந்த வாரம் வருகிறவன் அடுத்த வாரம் நைட் ஷிப்ட் போய்விடுவான். அவன் திரும்பி வரும்போது காலை எங்கே வைப்பது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். டியூஷனோ, பாட்டு வகுப்போ, இந்தப் பக்கம் எதையாவது நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

ஓடாத வீரன்

இசக்கிமுத்து வந்த அன்று, யாரையோ கூப்பிட வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனின் கடைசியில் நின்று, வருகிற பீஸ்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குள்ளம், கை கட்டை, இதில் தொப்பை வேறு. ஷெட்டைச் சுற்றி ஓடச் சொன்னேன். இரண்டாவது சுற்றில் நடந்தான். மூன்றாவது சுற்றில் ஆளைக் காணோம். தேடிப் போனால் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

"தம்பி, பாக்ஸிங்குக்கு முதல்ல ஓட்டம் வேணும்" என்றேன். அவன் துளிகூட வெட்கப்படவில்லை.

"ரிங்கு அம்புட்டுதான இருக்கு மாஸ்டர், அதுக்குள்ள எங்க போயி ஓடப் போறேன்?"

காற்றோடு சண்டை

எங்கள் ஷெட்டின் நட்சத்திரம் தினேஷ். சிங்கப்பெருமாள் கோவில் பையன், லாரி கம்பெனியில் அசெம்ப்ளி வேலை. தோளைப் பார்த்தாலே எதிராளிக்குப் பாதி தெம்பு போய்விடும். அவனோடு ஒரு ரவுண்டு நிற்க வைத்தால் இசக்கி தானாகவே ஷெட் மூலையில் இருக்கும் கேரம் போர்டு பக்கம் போய்விடுவான் என்று கணக்குப் போட்டு, இருவரையும் ரிங்கில் ஏற்றினேன்.

தினேஷ் விட்ட குத்துகள் எல்லாம் காற்றுக்குத்தான் போயின. இசக்கி ஒன்றும் வேகமாக நகரவில்லை, கொஞ்சம் முன்னாலேயே நகர்ந்தான், அவ்வளவுதான். நகர்ந்து நின்று, தினேஷின் நெஞ்சில் பட்டும் படாமலும் ஒன்று வைத்தான். கடைசியில் தினேஷ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "எப்படிடா?" என்று இசக்கியைக் கேட்டேன். "குத்த வாறதுக்கு முன்ன இவனுக்கு இடது தோளு லேசா எறங்குது மாஸ்டர். எல்லா பீஸ்லயும் அதே குறைதான்" என்றான். தினேஷுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவனோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவன் எங்க மாஸ்டர் சண்டை போட்டான்? என்னிய இன்ஸ்பெக்ஷன் பண்ணிக்கினு கீறான்!"

தண்ணீர் கேன் ஆபத்து

எத்திராஜ் அண்ணன் தங்கமான மனுஷன். ஷெட்டை எங்களுக்குச் சும்மாதான் விட்டிருந்தார். ஆனால் அவருடைய மச்சான் தண்ணீர் கேன் வியாபாரம் ஆரம்பித்தார். கேன் அடுக்க இடம் வேண்டும், அந்த ஷெட்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

வாடகை ரூமில் படுத்துப் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பையன்கள் நாலு பேரோடு சிரித்துப் பேசுகிற இடம் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது ஒன்றுதான். கம்பெனிகளுக்கு இடையே பாக்ஸிங் போட்டி வருகிறது, அதுவரைக்குமாவது பொறுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மச்சானாண்ட நான் இன்னா சொல்ல முடியும் மாஸ்டரு? ஒரு கப்பு எடுத்துகினு வா, அத்தக் காட்டி அவன் வாய அடைக்கிறேன். இல்லாங்காட்டி கேன் உள்ளே, நீ வெளியே."

தாடையில் விழுந்த இடைவேளை

போட்டி நடந்த மைதானத்தை ஒட்டி ஒரு கம்பெனி மதில். சனிக்கிழமை அரையிறுதிக்கு எங்கள் ஆட்களில் மிஞ்சியது இரண்டே பேர். இசக்கி எதிராளியைக் காற்றைக் குத்த வைத்தே பைனலுக்குப் போய்விட்டான். அடுத்து, வேறு எடைப் பிரிவில், தினேஷ். அடி என்றால் அப்படி ஒரு அடி. கப் கையில் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு மணி டீ சைரன் ஊதியது. நாளெல்லாம் லைனில் நிற்கிறவனுக்குச் சைரன் கேட்டால், மூளையைக் கேட்காமலே கை இறங்கிவிடும். தினேஷுக்கும் இறங்கியது. எதிராளியின் குத்து அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. நேராகத் தாடை. ரெப்ரி எண்ணி முடித்த பிறகுதான் தினேஷ் கண்ணைத் திறந்தான்.

"டீ எங்க மாஸ்டர்?"

ஓ.டி. விசாரணை

அன்று மாலை பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இசக்கி மட்டும் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைலா மாஸ்டர். அந்தச் சைரன் கம்பெனில ஓ.டி. உண்டா?" எனக்கு வந்ததே கோபம்! ஷெட்டே இவனை நம்பி நிற்கிறது, இவன் அடுத்த கம்பெனியில் ஓவர்டைம் வேலை விசாரிக்கிறான். "உண்டு. காலையில நான்தான் பஸ்ல ஆள் ஏத்திட்டு வரேன், நீயும் ஏறிக்கோ!" என்று கத்தினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பம் சரி மாஸ்டர். நான் பரோட்டா திங்கப் போறேன்."

மூன்றாவது ரவுண்டு

பைனலில் எதிராளி இருங்காட்டுக்கோட்டைக் கார் கம்பெனிக்காரன், அசெம்ப்ளி லைன். நெட்டை. முதல் ரவுண்டு முழுக்க அவன் நீளக் கைதான் பேசியது. இசக்கி வாங்கிக்கொண்டே பார்த்தான். வலது கை வருவதற்கு முன் அவன் குதிகால் எழும்புவதைப் பிடித்துவிட்டான். இரண்டாவது ரவுண்டில் நெட்டையனுக்குக் கிடைத்தது காற்றுதான். கணக்கு சமம். எத்திராஜ் அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், பக்கத்திலேயே மச்சான்.

இடைவேளையில் முகத்தைத் துடைத்துவிட்டேன். "மணி நாலாவுதா மாஸ்டர்?" என்றான். "நீ சண்டையைப் பாருடா!" என்றேன். மூன்றாவது ரவுண்டில் நெட்டையனை ஒட்டியே நின்றான், ஆனால் குத்தவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டால்தானே!

சைரன் ஊதியது. நெட்டையனின் கை ஒரு மயிரிழை இறங்கியது. இசக்கியின் இடது, பின்னாலேயே வலது. ஆள் உட்கார்ந்துவிட்டான். எழுந்து ரவுண்டை முடித்தான், ஆனால் தீர்ப்பு எங்கள் பக்கம். அவனுடைய மாஸ்டர் ஓடிவந்து சண்டை பிடித்தார். "நம்ம பெல் அடிச்சுதா சார்?" என்று ரெப்ரி முடித்துவிட்டார். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். மச்சானே ஒரு கேனைத் தூக்கிவந்து பையன்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"நீயும் லைன்ல நிக்கிறவன்தானே, உன் கை ஏன்டா இறங்கல?" என்று இசக்கியைக் கேட்டேன்.

"லைன் நின்னாலும் எம் முன்னால பீஸ் குவிஞ்சு கெடக்கும்லா மாஸ்டர், அத முடிச்சிட்டுத்தான் நவுரணும். சைரன் அடிச்சதும் டீ குடிக்க எனக்கு ஒரு நாளும் குடுத்து வச்சதில்ல."

கப் எத்திராஜ் அண்ணன் வீட்டு டி.வி. பக்கத்தில் இருக்கிறது, ஷெட் எங்களிடமே இருக்கிறது, நான் இப்போதெல்லாம் பயிற்சியின் நடுவே திடீரென்று பஸ் ஹாரனை அடித்து, கையை இறக்காதவனுக்கு மட்டும்தான் டீ வாங்கித் தருகிறேன்.