விளாவிய தண்ணீர்

அந்தச் சட்டைத் தையல் கூடத்தில் முதலாளிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. கொதியக்காவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் மண்டை இடிக்கும் இடத்தில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு பெரிய அலுமினிய அண்டா, நீளப் பிடி போட்ட அகப்பை. அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். அண்டாவுக்குள் கையோடு டம்ளரை விட்டு மொண்டவள் எவளும் அன்று மாலைவரை நிம்மதியாகத் தைத்ததில்லை. "கையைக் கழுவினியாடி? அந்தக் கையால எதை எதைத் தொட்டியோ" என்று ஆரம்பித்தால், மெஷின் இரைச்சலை மீறிக் கடைசி வரிசைவரை கேட்கும்.

முன்பு அவள் பிசிறு வெட்டுகிற வேலையில் இருந்தாள். தைத்து முடித்த சட்டையில் தொங்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். கண் மங்கத் தொடங்கியதும் நூலோடு சேர்ந்து காலரும் வெட்டுப்பட்டது. வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நல்லவேளையோ கெட்டவேளையோ, அப்போதுதான் கூடத்தில் மஞ்சள் காமாலை வந்து பாதி மெஷின் ஆளில்லாமல் நின்றது. ஆள் போவதைவிட ஆர்டர் போவதுதான் முதலாளியின் கவலை. 'கொதிக்க வைத்த தண்ணீரையே குடிக்கவும்' என்று பலகை எழுதி மாட்டினார். கொதிக்க வைக்க ஒரு ஆள் வேண்டுமே. அக்கா அந்த வேலையை மந்திரி பதவி மாதிரி ஏற்றுக்கொண்டாள். கொதியக்கா என்ற பட்டமும் கூடவே வந்தது. அவள் கோபத்துக்கும் அது பொருந்திப் போனதால் யாரும் மாற்றவில்லை.

அவளைக் கிண்டல் செய்யும் உரிமை ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் தங்கை. சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் உட்காருவதால் காஜா என்றே பேர். அம்மா போன பிறகு அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு, அக்கா வீட்டின் முன்னறையிலேயே குடித்தனம் வைத்தாள். பல வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது.

கொதிக்க வைப்பதில் அக்கா ஒரு குறை வைக்கவில்லை. தளபுளவென்று குமிழி பொங்கும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். சிக்கல் அதற்குப் பிறகுதான். இடைவேளை மணி அடித்தால் ஓடி வந்து, குடித்துவிட்டு, ஓடிப்போய் உட்கார வேண்டும். அடுத்த மணி முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும்.

"அக்கா, தாகத்துக்குக் கொடுக்கறீங்களா, நாக்குக்குச் சூடு போடறீங்களா?" என்றாள் காஜா.

"ஊதிக் குடிடி."

"ஊதி முடிக்கறதுக்குள்ள சூப்பர்வைசர் என்னை ஊதிடுவாரு."

அதனால் அக்கா, குளிக்க வெந்நீர் விளாவுவது போலவே செய்தாள். குழாயில் இரண்டு சொம்பு பிடித்து அண்டாவில் ஊற்றுவாள். அகப்பையால் கலக்குவாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். "ம், இப்பக் குடிங்க." கொதித்த தண்ணீருக்குள் போனதெல்லாம் கொதித்த தண்ணீர்தான் என்பது அவள் கணக்கு. பலகையில் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்ததே தவிர, எப்படி ஆற வைப்பது என்று சொல்லவில்லை. சூப்பர்வைசரும் தினமும் அதைத்தான் குடித்தார். பதமாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார்.

காஜாவுக்கு அந்தப் பதமும் போதவில்லை.

"சூடா உள்ள போனாலே குமட்டுதுக்கா."

"உனக்குக் குமட்டாதது என்ன இருக்கு? என் மூஞ்சியைப் பார்த்தாலும் குமட்டுதுங்கற."

"அது மசக்கைக்கு முன்னாடியே இருக்கற வியாதி."

அக்கா திட்டிக்கொண்டே தங்கைக்கு மட்டும் ஒரு பாட்டிலைத் தனியாக நிரப்புவாள். பாதி வெந்நீர், பாதி பச்சைத் தண்ணீர். வேறு எவளாவது அந்தப் பாட்டிலைத் தொட்டால் தொலைந்தாள்.

கொஞ்ச நாளில் மறுபடியும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. காய்ச்சல், வாந்தி, சிறுநீர் மஞ்சள். "தண்ணியில ஏதாவது இருக்குமோ" என்று ஒருத்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"என் தண்ணியிலயா? தெருவுல கண்டதைத் தின்னுட்டு வந்து என் அண்டாவைச் சொல்றியா?"

சொன்னாளே தவிர, அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் சீக்கிரமே வந்து இன்னும் நேரம் கூட்டிக் கொதிக்கவிட்டாள். படிக்கட்டு முழுக்க ஆவி. மணி அடிக்கும்வரை கொதித்த தண்ணீர் ஆற நேரமே இல்லாததால் விளாவுவதற்கும் கூடுதலாகச் சொம்பு பிடிக்க வேண்டியிருந்தது. பாவம், அவள் எவ்வளவு அக்கறை எடுத்தாளோ அவ்வளவு குழாய்த் தண்ணீர் அண்டாவில் விழுந்தது.

ஒரு காலையில் மெக்கானிக் தன் பெண்டாட்டி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். "கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

"நகைதான் வாங்கித் தரல. கண்ணாவது தங்கமா இருக்கட்டுமே" என்றாள் அவள். சிரிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்துவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இந்தக் காமாலை விளையாட்டில்லை என்று டாக்டரம்மா சொன்னாள். அக்காவுக்கு ஆஸ்பத்திரித் தண்ணீர் மேல் நம்பிக்கை இல்லை. கூடத்திலிருந்து தன் கையால் விளாவிய தண்ணீரைத் தினமும் பிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூடத்துக்கு வந்தாள். எப்படித் தண்ணீர் காய்ச்சுகிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னாள். அக்கா பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தாள். டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், குமிழி பொங்கும்வரை காத்திருந்தாள், அடுப்பை அணைத்தாள், சொம்பை எடுத்தாள்.

"அது எதுக்கும்மா?"

"விளாவறதுக்கு."

"அந்தத் தண்ணியும் காய்ச்சினதா?"

"இல்லீங்க. குழாயில இப்பதான் பிடிச்சேன், பளிச்சுனு இருக்கு பாருங்க."

வந்தவள் அக்காவின் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "காய்ச்சின தண்ணியை மூடி வச்சு, தானா ஆற விடணும்மா. பச்சைத் தண்ணி ஒரு சொட்டு சேர்ந்தாலும் அதுல இருக்கற கிருமியும் சேர்ந்துடும். சுத்தமா இருக்கான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது."

"சூடா இருக்கே, அதுல செத்துடாதா?"

"நல்லா கொதிச்சாத்தான் சாகும். வெதுவெதுப்புல சாகாது."

பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். கழிவுநீர்க் கால்வாய்க்குள் கூடத்துத் தண்ணீர்க் குழாய் முழுகிக் கிடந்தது. இணைப்பில் விரிசல். தண்ணீர் வராத நேரத்தில் சாக்கடையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றாள். குழாய்க்காரர்கள் அது கால்வாய்க்காரர்கள் பொறுப்பு என்பார்கள், அவர்கள் இவர்களைக் கைகாட்டுவார்கள். அது ஊரறிந்த கூத்து. சூப்பர்வைசர் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு வந்திருந்தது.

"அப்ப தப்பு இந்தம்மா மேலதான், இல்லையா?"

அக்கா அதைக் கேட்க நிற்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காலையில் கொடுத்த பிளாஸ்க் கட்டிலடியில் காலியாக உருண்டு கிடந்தது.

"வேற யார் கொடுத்தாலும் வேணாங்கறா, அண்ணி" என்றான் மெக்கானிக். "அக்கா தண்ணிதான் வேணுமாம். பூராவும் குடிச்சுட்டா."

அக்கா வெளியே வராந்தாவில் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா ஆறுதலாகத்தான் பேசினாள். "இன்னிக்குக் குடிச்சதால இப்படி ஆகலம்மா. இந்தக் கிருமி உள்ள போய் வாரக்கணக்கா பதுங்கி இருந்துட்டுத்தான் வெளிய தெரியும்."

அந்த வாரங்கள் முழுக்க அக்கா தங்கைக்கென்று தனியாக விளாவிக் கொடுத்திருந்தாள். அந்த ஆறுதலைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

முதலில் குழந்தை போனது. அது தெரியாமலே காஜா மயக்கத்தில் இருந்தாள். அக்கா காதருகே குனிந்து, "ஏய், மூஞ்சியைப் பார்த்தா குமட்டுதுன்னு சொல்லுடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லவில்லை. குழந்தைக்குப் பின்னாலேயே அவளும் போய்விட்டாள்.

கூடத்தில் அக்காவை மறுபடியும் பிசிறு வெட்ட உட்கார வைத்தார்கள். அண்டா இருந்த இடத்தில் ஒரு வடிகட்டும் இயந்திரம் வந்தது. பின்பக்கக் குழாய் அப்படியே சாக்கடையில் கிடந்தது. பெண்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லாமல் அவளைச் சுற்றிப் போனார்கள். அவள் வெட்டிய காலர்களைக்கூடப் பேசாமல் சரிசெய்து வைத்தார்கள்.

மெக்கானிக்குக்குக் குழாய் உடைந்த கதைதான் தெரியும். சொம்பு விஷயம் தெரியாது. ஒரு மாலை, அவன் கிரீஸ் படிந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அக்கா பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாட்டில், பாதிக்குப் பாதி, பிளாஸ்க், ஒன்றும் விடாமல்.

அவன் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினான்.

"அண்ணி, இதை இன்னொரு தடவை என்கிட்ட சொல்லாதீங்க."

"திட்டுங்க தம்பி. அடிக்கக்கூடச் செய்யுங்க."

"திட்டினா வெறுக்கணும். உங்களையும் வெறுத்துட்டா எனக்கு அப்புறம் யாரு இருக்கா?"

துண்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அக்கா அங்கேயே நின்றாள். இந்தக் காரியத்துக்கு அவளை உட்கார வைத்து, வாய் வலிக்கத் திட்டி, கடைசியில் எதையாவது சொல்லிச் சிரிக்கவும் வைக்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.