நான் கொடுத்த சாவிக்கொத்து

காலையில் சின்னவள் தன் வெள்ளை உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸிங் கல்லூரியில் இன்று அவளுக்கு முதல் நாள். சொட்டு நீலமும் சூடும் கலந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. "அப்பா, இதப் போட்டுக்கிட்டே பஸ்ல போகவா, பையில மடிச்சு வச்சுக்கவா?" என்றாள். பல் விளக்கிக்கொண்டிருந்த நான் காது கேளாதவன் மாதிரி கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவள் மடித்தே எடுத்துப் போனாள். பிள்ளைகளே, சொல்ல வேண்டிய பதிலை இதில் எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே வாசனை உங்கள் செல்வி அத்தையின் மஞ்சள் பையிலிருந்து வரும். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஆனால் தெருவில் சேலை கட்டித்தான் நடப்பாள். உடுப்பு, ஷூ, நெஞ்சில் குத்தும் கடிகாரம் எல்லாம் பைக்குள் இருக்கும். அங்கே போய் மாற்றிக்கொள்வாள். அந்த ஏற்பாடு என்னுடையது. கேட்டவர்களிடம் "ஆபீஸ்ல எழுத்து வேலை" என்று சொல்லிவைத்தேன். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கு அம்புட்டு கௌரவம்!

மண்டியில் நர்ஸ் என்றாலே கண்ணடிப்பார்கள். "கண்டவன் ஒடம்பத் தொடுற வேலைப்பா" என்பார்கள். அவர்களே படுக்கையில் விழுந்தால் நிமிஷத்துக்கு ஒரு தரம் "சிஸ்டர், சிஸ்டர்" என்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். தங்கச்சி நர்ஸ் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே.

அத்தைக்கோ அந்த வேலையில் பெருமை. சாப்பிட உட்கார்ந்தால் வார்டுக் கதைதான். "டாக்டரு பாத்துட்டுப் போயிருவாருண்ணே. மத்த நேரம் பூரா அந்த உசுரு எங்க கையிலதான இருக்கு?" என்பாள். "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்பேன் நான்.

நத்தத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களிடமும் எழுத்து வேலை என்றே சொல்லியிருந்தேன். கேசரித் தட்டு கைமாறும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா பாயில் சரிந்தார். கைகால் இரண்டு தரம் வெட்டியது.

"வலிப்பு! இரும்பு குடுங்க, இரும்பு!" என்று யாரோ கத்தினார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இரும்புக்கா பஞ்சம்? இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

பட்டுச்சேலையோடு ஓடிவந்த செல்வி அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். "அண்ணே, இது வலிப்பு இல்ல. நாடி இல்ல. நெஞ்ச அமுக்கணும், தள்ளு."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "நீ உள்ள போ."

"விடுண்ணே! செத்துருவாரு!"

"போன்னா போ. சபையில மானத்த வாங்காத."

எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ தெரியாது. கடைசியில் என் கையைக் கடித்துவிட்டுத்தான் அவளால் போக முடிந்தது. முட்டிபோட்டு, எண்ணிக்கொண்டே, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அமுக்கினாள். "பொம்பளப் புள்ள செய்யிற காரியமா இது?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் துக்க வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா என் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நர்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, எங்கண்ணனத் தூக்கி அந்தப் புள்ள கையிலயே குடுத்திருப்போமேய்யா. எதுக்கு மறச்சீக?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அத்தை வீட்டிலேயே வெள்ளை உடுப்புப் போட்டு, கடிகாரத்தைக் குத்திக்கொண்டு, தெரு நடுவில் நடந்துபோனாள். 

சின்னவளே, நாளையிலிருந்து நீயும் போட்டுக்கொண்டே போ. சாயங்காலம் வந்து வார்டுக் கதை சொல்லு, சத்தமாகவே சொல்லு.

அத்தை இப்போது பழனியில் இருக்கிறாள், இன்னும் நர்ஸ்தான். பொங்கலுக்கு வருகிறாள், வாய் நிறைய அண்ணே என்கிறாள். ஆனால் இலை முன்னால் உட்கார்ந்து கதை சொல்கிற அந்தச் செல்வி அன்றோடு போய்விட்டாள். போன பொங்கலுக்கு நானே வாய்விட்டுக் கேட்டேன்: "ஆஸ்பத்திரியில என்னம்மா விசேஷம்?"

சோற்றைப் பிசைந்தபடி நிமிராமல் சொன்னாள்: "எழுத்து வேலதானண்ணே. அதுல என்ன கதை இருக்கு?"