கார்த்திகை பிறந்தால் வரும் சோர்வு

கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. எனக்குக் கேட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. கையும் காலும் என்னுடையவைதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வேன் போய்விட்டது. நான் போர்வைக்குள் அழுதுகொண்டு கிடந்தேன்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து நிரப்பும் அறையில் எனக்கு வேலை. என்னைப் போல் யாராவது படுத்துக் கிடந்தால், நான் இழுத்தடித்த மாதிரி இழுத்தடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது முதல் தடவை இல்லை. வருடா வருடம் வானம் மூடிக்கொண்டால் நான் சுருண்டுவிடுவேன். யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கம் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். ஊரே காலை நீட்டிப் படுத்திருக்கும்போது, ஒருத்தி எழுந்திருக்காததை யார் கவனிப்பார்கள்? "சீசன் அலுப்பு, தூங்கட்டும்" என்பார் என் வீட்டுக்காரர். நானும் நம்பினேன். வேனை விட்ட அந்த வருடம், பூஜை போட்டுக் கம்பெனியைத் திறந்த பிறகும் அலுப்பு போகவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

பன்னிரண்டாவது படிக்கும் மகள்தான் சமைத்தாள். படிக்கிற பிள்ளை என்னால் அடுப்படியில் நிற்கிறாளே என்று அழுவேன். எழுந்து போய்க் கரண்டியை வாங்கத் தெம்பிருக்காது. தட்டை நீட்டினால் பசிக்கவில்லை என்பேன். "ஏம்மா, எம்மேல கோவமா?" என்று ஒருநாள் கேட்டாள். பாவி நான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆள் பற்றவில்லை என்று போர்மேன் சொல்லி அனுப்பினார். வேலை போய்விடுமோ என்று கிளம்பிப் போனேன். போயிருக்கவே கூடாது. மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் அதில் இறங்கிவிடும். இறங்காவிட்டால் சின்னப் பொறி போதும். எத்தனையோ வருடம் தொட்டுப் பழகிய கை, அன்று தொடவில்லை. ஏதோ நினைப்பில்கூட இல்லை, ஒரு நினைப்பும் இல்லாமல் உள்ளே காலை வைத்துவிட்டேன்.

"நில்லு புள்ள! அங்கனயே நில்லு!" என்று கத்தினார் பேச்சியம்மாள். அதே அறையில் வேலை பார்ப்பவர், நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒன்றும் நடக்கவில்லை. மதினி வெளியே வந்தார். "சாகணும்னா நீ தனியாச் சாவு. எங்களையும் எதுக்குக் கூட்டிட்டுப் போற?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் வீட்டுக்காரர் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தசோகை இல்லை, தைராய்டும் (கழுத்தில் உள்ள சுரப்பி) சரியாக இருந்தது. மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே, "வருஷா வருஷம் இதே மாசத்துலயா?" என்பதுதான். பருவகால மனச்சோர்வு (வெளிச்சம் குறையும் மாதங்களில் வந்து, பிறகு விலகும் மனநோய்) என்றார்.

"எங்க ஊர்ல ஏதுங்க டாக்டர் குளிரு? ஃபேனைக் கொறச்சு வைப்போம், அம்புட்டுத்தான்" என்றேன்.

சிரித்தார். "குளிரைவிட வெளிச்சக் குறைச்சல்தான் முக்கியம்மா. நம்ம பக்கம் அதிகம் வர்றதில்ல. வரவே வராதுன்னும் இல்ல. தப்புப் பண்ணிட்டோம், தப்புப் பண்ணிட்டோம்னு தோணிட்டே இருக்குமே, அதுவும் இந்த நோய்தான்."

"இது தோணுறது இல்லீங்க. அந்த அறையில இருந்தவுகளக் கொன்னிருப்பேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மக சமைக்கிறான்னு அழுதீங்களே, அது நோய். இது வேற. இதுக்கு அழுது பிரயோஜனம் இல்ல. சரியாகுற வரைக்கும் அந்த அறைக்குள்ள போகாதீங்க."

மாத்திரை உடனே கேட்கவில்லை, வாரக்கணக்கில் ஆனது. வெயில் எட்டிப் பார்த்த காலைகளில் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு நடந்தார். போர்மேனிடம் விஷயத்தைச் சொல்லி, வெடிமருந்து இல்லாத பேக்கிங் கொட்டகைக்கு மாறினேன். கம்பெனியில் பைத்தியம் என்று காதுபடவே பேசினார்கள். முதலில் திரும்பி வந்தது பசி. மகள் வைத்த குழம்பில் உப்பு கூடியிருந்தது தெரிந்தது. சொன்னேன். "இத்தன நாளும் அப்படித்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

இப்போது என் உடம்பை நான் நம்பிவிடுவதில்லை. கண் விழித்ததும், பக்கத்து வீட்டு நோயாளியிடம் கேட்பதுபோல எப்படி இருக்கிறாய் என்று அதை விசாரிக்கிறேன். ஊருக்குத் தீபாவளியிலிருந்து தீபாவளி வரை ஒரு வருடம். எனக்குத் தையில் பிறந்து ஐப்பசியில் முடிகிறது. மிச்ச மாதங்களில் கேட்டுக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

அடுத்த கார்த்திகையில், மழை மூட்டமான ஒரு காலை, மருந்து அறையில் ஆள் குறைந்தது. போர்மேன் என்னை அறை வாசலுக்குக் கூட்டிப்போய், உள்ளே வா என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நா வரலீங்க. இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல."

யாரோ சிரித்தார்கள். அறைக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. என்னிடம் அல்ல, அவர்களிடம்.

"சிரிக்காதீக. அவ வாயத் தொறந்து சொல்லுதா. சொல்லாம உள்ள வந்து ஒக்காந்தாத்தான் நாம வீடு போய்ச் சேர மாட்டோம்."